ஸ்கைரிமில் மாஜிக்கா போதவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள், காரணத்தைத் தேடுவோம்

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த கிழமை, புதுக்குடியிருப்பிலிருந்து சித்தியின் மகன் போன் எடுத்தான்.

"அண்ணை, மாஜிக்கா நிரம்புதே இல்லை. கேம் பழுதாப் போச்சு போல. புதுசா ஒரு ஆளைத் தொடங்கட்டோ?"

தொடங்கினால் அது அவனுடைய நாலாவது ஆள். முதல் மூன்று பேரையும் இதே முறைப்பாட்டோடுதான் கைவிட்டிருந்தான். ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த கணினி விளையாட்டு; மாஜிக்கா என்பது அதில் மந்திரம் போடச் செலவாகிற சக்தி, திரையில் நீலக் கோடாகத் தெரியும். பழைய லப்டொப்பிலும் ஓடும் என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் புதிதாகத் தொடங்குகிறார்கள். வாள் பிடிக்கிறவர்களுக்குப் பெரிய சிக்கல் வருவதில்லை. மந்திரக்காரனாகப் போகிறவர்கள்தான் பத்தாவது லெவலுக்குள் சலித்துப்போய் விடுகிறார்கள். அநேகமாக எல்லோரும் சொல்வது ஒரே வசனம்: "மாஜிக்கா காணாது."

அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று வெவ்வேறு முறைப்பாடுகள் இருக்கின்றன. எங்கள் வீடு இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீடு. வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் அப்பா குளம் பழுது என்று சொல்லமாட்டார். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று முதலில் கேட்பார். பிறகு கனகராயன் ஆற்றால் எவ்வளவு வருகிறது என்பார். கடைசியாகத் துருசு (மதகு) எவ்வளவு திறந்திருக்கிறது, வாய்க்காலில் எங்கே உடைப்பு என்று பார்க்கப் போவார். மாஜிக்காவுக்கும் இதே மூன்று கேள்விதான். கொள்ளளவு எவ்வளவு? வரத்து எவ்வளவு? ஒரு மந்திரத்துக்குப் போகிற செலவு எவ்வளவு? நான் பார்த்த வரையில் பத்தில் ஏழு பேருக்குச் சிக்கல் செலவில் இருக்கும். அவர்கள் திருத்தப் போவதோ வரத்தை.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எதிரி இல்லாத வெட்டவெளியில் நின்று, ஃப்ளேம்ஸ் என்கிற நெருப்பு மந்திரத்தை வெறும் நிலத்தில் ஊற்றி, மாஜிக்காவின் நீலக் கோட்டை முழுதாகக் காலியாக்குங்கள். பக்கத்தில் ஊர்ச்சனமோ கோழியோ நிற்கக்கூடாது. ரிவர்வுட்டில் கோழி செத்தாலும் ஊரே கத்தியோடு வரும். கோடு காலியானதும் கையை எடுத்துவிட்டு, அது திரும்ப நிரம்பும் வரை ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள்.

சண்டை இல்லாத நேரத்தில் உங்கள் மொத்த மாஜிக்காவில் 3 சதவீதம் ஒவ்வொரு நொடியும் திரும்பி வரும். ஆகவே 33, 34 எண்ணும்போது கோடு நிரம்பியிருக்க வேண்டும். மொத்தம் 100 என்றாலும் 400 என்றாலும் இதே நேரம்தான். 22 அளவில் நிரம்பினால், மாஜிக்கா ஊறுவதை 50 சதவீதம் கூட்டுகிற அங்கி ஏதோ போட்டிருக்கிறீர்கள். 33க்குக் கிட்ட வந்தால் வரத்தில் பழுதில்லை. செலவைப் பற்றிச் சொல்கிற பகுதிக்கு நேரே போங்கள். 65, 70 வரை போனால் வரத்தை ஏதோ பாதியாக்கி வைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றும் அசையவே இல்லை என்றால், வெயிலில் நிற்கிற வாம்பயராக இருக்கிறீர்கள். வாம்பயருக்குப் பகல் வெளிச்சத்தில் மாஜிக்கா ஊறாது. நிழலில் நின்றாலும் சரிவராது. ஏதாவது கட்டடத்துக்குள்ளோ குகைக்குள்ளோ போகவேண்டும், அல்லது இருட்டும் வரை பொறுக்கவேண்டும்.

போனிலேயே தம்பியை எண்ணச் சொன்னேன். எண்ணி முடிக்க 68 ஆனது.

"நிரம்ப நேரம் எடுக்குது"

டாப் விசையை அழுத்தி, மாஜிக் பக்கத்துக்குப் போங்கள். இடப்பக்கம் டிஸ்ட்ரக்ஷன் (தாக்குகிற மந்திரம்), ரெஸ்டோரேஷன் (ஆற்றுகிற மந்திரம்) என்று வித்தைகள் வரிசையாக வரும். அந்த வரிசையின் அடியில் அக்டிவ் எஃபெக்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். பலர் நூறு மணித்தியாலம் விளையாடியும் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். உங்கள் உடம்பில் இப்போது என்னென்ன வேலை செய்கிறது என்பது முழுக்க அங்கே எழுதியிருக்கும்: தொட்டு வரம் பெறுகிற கற்களில் எந்தக் கல்லின் வரம், எந்த மோதிரத்தின் பலன், என்ன நோய்.

தம்பியின் திரையில் நாலாவது வரியில் நின்றது விட்பேன். அது ஒரு நோய். மாஜிக்கா ஊறுவதைப் பாதியாக்கிவிடும். சேபர் காட் என்கிற நீண்ட கோரைப்பல் மிருகம் கடித்தால் தொற்றும். தொற்றுகிற நொடியில் திரையின் மூலையில் ஒரு வரி வந்து மறையும். அந்த மிருகம் பாய்ந்து வருகிற நேரத்தில் மூலையை யார் பார்ப்பது? அந்தக் கடிக்குப் பிறகு மூன்று நாள் அவன் அதே நோயோடு சுற்றித் திரிந்திருக்கிறான். வைற்ரன் நகரத்துக் கைநரெத் கோயிலுக்குள் போய்ப் பீடத்தைத் தொடச் சொன்னேன். தொட்டதும் தீர்ந்தது. எந்தத் தெய்வத்தின் பீடத்தைத் தொட்டாலும் சாதாரண நோயெல்லாம் போய்விடும், காசும் வேண்டாம். தூர இடத்தில் நின்றால் நோய் தீர்க்கும் மருந்துப் போத்தல் ஒன்று குடிக்கலாம். பருந்தின் இறகு கையில் இருந்தால் அதைச் சாப்பிட்டாலும் போதும்.

பட்டியலில் நோய் ஒன்றும் இல்லையென்றால் கல்லைப் பாருங்கள். அட்ரோனாக் ஸ்டோன் தொட்டவர்களுக்கு 50 மாஜிக்கா கூடும், எதிரியின் மந்திரத்தை உறிஞ்ச 50 சதவீத வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் ஊறுகிற வேகம் பாதியாகும். இது பழுதில்லை, அந்த வரத்தின் விலையே அதுதான். வேகம்தான் வேண்டும் என்றால் மோர்தால் பக்கத்துச் சதுப்பில் இருக்கிற அப்ரண்டிஸ் ஸ்டோனைத் தொடுங்கள். ஊறுவது இரண்டு மடங்காகும். அதற்கு ஈடாக எதிரியின் மந்திரம் உங்களை இரண்டு மடங்கு சுடும். தொடக்க லெவல்களில் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு மந்திரக்கார எதிரி போதும், எழும்ப விடமாட்டான்.

நேற்று வரை நல்லாக நிரம்பியது, இன்றைக்கு இல்லை என்றால் உடுப்பைப் பாருங்கள். மந்திரக்காரரின் அங்கியும் இரும்புக் கவசமும் உடம்பில் ஒரே இடத்துக்கானவை. கவசத்தைப் போட்டால் அங்கி தானாகக் கழன்றுவிடும். மந்திரத்தின் படிகள் கீழிருந்து நொவிஸ், அப்ரண்டிஸ், அடெப்ட், எக்ஸ்பேர்ட், மாஸ்டர். நொவிஸ் அங்கி 50 சதவீதமும், அப்ரண்டிஸ் அங்கி 75 சதவீதமும், அடெப்ட் அங்கி 100 சதவீதமும் வேகம் தருகின்றன. புதிதாகக் கிடைத்த கவசம் எவ்வளவு வடிவாக இருந்தாலும், அதைப் போடுகிற நேரத்தில் இந்த எண்ணை இழக்கிறீர்கள்.

இனி, கூடுதலானவர்கள் தவறவிடுகிற காரணம். சண்டை நடக்கும்போது ஊறுகிற வேகம் மூன்றில் ஒன்றாகிவிடும். நொடிக்கு 3 சதவீதம் வந்தது நொடிக்கு 1 ஆகும். முழுக்க நிரம்ப 100 நொடி வேண்டும். சண்டை எப்போது முடிந்தது என்பதை விளையாட்டுத்தான் தீர்மானிக்கிறது. கண்முன்னால் எல்லோரும் விழுந்து கிடப்பார்கள். பாறைக்குப் பின்னால் ஒரு வில்லாளி இன்னும் உங்களைத் தேடிக்கொண்டிருப்பான், அல்லது மேலே ஒரு டிராகன் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். அதுவரைக்கும் கணக்குப்படி சண்டைதான். டி விசையை அழுத்திக் காத்திருக்கப் பாருங்கள். பக்கத்தில் எதிரி இருப்பதாகச் சொல்லி மறுத்தால் காரணம் அதுவே. ஓடி விலகுங்கள், அல்லது அந்த ஆளைத் தேடி முடியுங்கள். காத்திருக்க விட்டால் ஒரு மணித்தியாலம் போட்டாலே மூன்று கோடும் நிரம்பிவிடும்.

ஃப்ளேம்ஸ், ஹீலிங் போல அழுத்திப் பிடித்து ஊற்றுகிற மந்திரங்களில், பிடித்திருக்கும் வரை ஒரு துளியும் ஊறாது. விட்டு விட்டு ஊற்றிப் பழகுங்கள்.

"இரண்டு வெடியோடை காலி"

இதுதான் பெரும்பாலானவர்களின் உண்மையான நோய். இந்த இடத்தில் பொறுமையாக வாசியுங்கள்.

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுக்க 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். அந்த நாட்களில் லப்டொப் பற்றரி எனக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான் நின்றது. அதில் அரைவாசி நேரம் என்னுடைய ஆள் பாறைக்குப் பின்னால் ஒளிந்து நின்று நீலக் கோடு நிரம்பக் காத்திருந்தான். அப்போதுதான் கொப்பியும் பேனையும் எடுத்து வைத்து ஒவ்வொரு மந்திரத்தின் செலவையும் எழுதினேன். எழுதிய கணக்கை அப்படியே தருகிறேன்.

ஃபயர்போல்ட் என்கிற நெருப்பு அம்பின் அடிப்படைச் செலவு 41. டிஸ்ட்ரக்ஷன் ஸ்கில் கூடக்கூட அது தானாகக் குறையும். 25 ஆகும்போது 34 அளவில் நிற்கும். உங்களிடம் இருப்பது 100. ஒன்றுக்கு 34, இரண்டுக்கு 68. மிச்சம் 32, மூன்றாவது போகாது. இரண்டு வெடியோடை காலி என்று தம்பி சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. சண்டைக்குள் நொடிக்கு 1 வீதம் ஊறுவதால், காலியான பிறகு ஒவ்வொரு அம்புக்கும் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஸ்கில் மரத்தில் அப்ரண்டிஸ் டிஸ்ட்ரக்ஷன் என்கிற பேர்க்கை (லெவல் ஏறும்போது தெரிவு செய்கிற சலுகையை) எடுங்கள். டிஸ்ட்ரக்ஷன் 25 ஆனதும் அது திறக்கும். செலவு பாதியாகி 17க்கு வரும். அதே 100 மாஜிக்காவில் ஐந்து அம்பு போகும். ஒரேயொரு பேர்க் இரண்டை ஐந்தாக்குகிறது. அதற்கு மேலே டிஸ்ட்ரக்ஷனுக்கான அப்ரண்டிஸ் அங்கியைப் போட்டால் இன்னும் 15 சதவீதம் குறையும், ஆறு அம்பு போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நொவிஸ் பேர்க் நொவிஸ் மந்திரங்களை மட்டும்தான் பாதியாக்கும். ஃப்ளேம்ஸ் மலிவாகும், ஃபயர்போல்ட் அசையாது. அப்ரண்டிஸ் மந்திரத்துக்கு 25இல் திறக்கிற பேர்க், அடெப்ட்டுக்கு 50, எக்ஸ்பேர்ட்டுக்கு 75, மாஸ்டருக்கு 100. பேர்க் எடுத்தேன், செலவு குறையவில்லை என்கிறவர்களில் அநேகம் பேர் ஒரு படி கீழே நிற்கிறார்கள். இன்னொன்று, டிஸ்ட்ரக்ஷனில் எடுத்த பேர்க், ஆட்களை வரவழைக்கிற கொன்ஜுரேஷனுக்கு உதவாது. ஒவ்வொரு வித்தைக்கும் தனித்தனி வாய்க்கால். ஐந்து வித்தைக்கும் ஒவ்வொரு பேர்க்காக அள்ளித் தெளித்தவர்கள்தான் பத்தாவது லெவலில் எதிலும் பலமில்லாமல் நிற்பது. முதல் இருபது லெவலுக்கு ஒரு வித்தை, கூடினால் இரண்டு வித்தை. இது என் உறுதியான எண்ணம்.

அடுத்த உடைப்பு இரு கையால் எறிவது. டிஸ்ட்ரக்ஷன் 20இல் டுவல் காஸ்டிங் என்கிற பேர்க் வரும். இரண்டு விசையையும் ஒன்றாக அழுத்தினால் பெரிய வெடியாகப் போகும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பலன் 2.2 மடங்கு, செலவு 2.8 மடங்கு. மேலே போட்ட கணக்கோடு பாருங்கள்: இரண்டு கையிலும் ஃபயர்போல்ட் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக எறிந்தால் 34 மாஜிக்காவுக்கு 50 சேதம். ஒன்றாகச் சேர்த்து எறிந்தால் 48 மாஜிக்காவுக்கு 55 சேதம். ஐந்து சேதத்துக்காக 14 மாஜிக்கா கூடக் கொடுக்கிறீர்கள். டிஸ்ட்ரக்ஷன் 40இல் இம்பக்ட் என்கிற பேர்க் எடுத்த பிறகு கதை வேறு. அப்போது இரு கை வெடி எதிரியைத் தள்ளாட வைக்கும், பெரிய உருவங்களை நெருங்கவிடாது. அந்த நேரத்தில் அந்த விலை தகும். அதற்கு முன்னால் விசைகளைக் கொஞ்சம் முன்பின்னாக அழுத்துங்கள்.

செலவை அடியோடு இல்லாமல் ஆக்குகிற வழியும் உண்டு, நாள் எடுக்கும். பொருளில் மந்திரம் ஏற்றுகிற என்சாண்டிங் ஸ்கில்லை 100 வரை உயர்த்தி, அதற்கான பேர்க் எல்லாம் எடுத்து, ஆன்மா நிறைந்த கிராண்ட் சோல் ஜெம் என்கிற கல்லால் ஒரு பொருளில் டிஸ்ட்ரக்ஷன் செலவுக் குறைப்பை ஏற்றினால் 25 சதவீதம் வரும். தலைக்கு, உடம்புக்கு, மோதிரத்துக்கு, கழுத்துச் சங்கிலிக்கு என்று நாலு பொருளில் ஏற்றினால் 100 சதவீதம். பிறகு எத்தனை வெடி போட்டாலும் கோடு அசையாது. 100இல் கிடைக்கிற எக்ஸ்ட்ரா எஃபெக்ட் பேர்க் இருந்தால் அதே நாலு பொருளில் இன்னொரு வித்தையையும் சேர்த்து ஏற்றலாம். ஆட்டத்தின் சுவை குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தூரம் உழைத்தவனுக்கு அது கிடைக்கட்டும் என்பேன்.

"லெவல் ஏறினால் எதைக் கூட்டுறது?"

இது அறிகுறி இல்லைத்தான். ஆனால் மேலே சொன்ன இரண்டையும் திருத்திய பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வி.

எல்லா இனத்தவரும் 100 மாஜிக்காவோடு தொடங்குகிறார்கள்; ஹை எல்ஃப் மட்டும் 150. ஒவ்வொரு லெவலுக்கும் உயிர், மாஜிக்கா, ஸ்டமினா மூன்றில் ஒன்றை 10 கூட்டலாம். இந்த இடத்தில் குளத்தின் கணக்கு மாறுகிறது. இரணைமடுவின் கொள்ளளவை 36 அடிக்கு உயர்த்திய பிறகு கூடப் பிடித்து வைக்க முடிகிறது, அவ்வளவுதான். குளம் பெரிதென்று கனகராயன் ஆறு கூடுதலாக ஓடி வராது. ஸ்கைரிமில் ஓடி வரும். வரத்து மொத்தத்தின் சதவீதம் என்பதால், 100 உள்ளவனுக்குச் சண்டைக்குள் நொடிக்கு 1 ஊறினால், 300 உள்ளவனுக்கு 3 ஊறும். நிரம்புகிற நேரம் மாறாதபடியால் பலருக்கு இது தெரிவதில்லை. கோட்டின் நீளமும் திரையில் அதே அளவுதான், உள்ளே நிற்கிற தண்ணீர்தான் வேறு.

ஆகவே தொடக்கத்தில் மூன்றில் இரண்டு லெவலுக்கு மாஜிக்கா, ஒன்றுக்கு உயிர் என்று போடுங்கள். என்சாண்டிங்கால் செலவை இல்லாமல் ஆக்குவதுதான் திட்டம் என்றால் மாஜிக்காவை 200 அளவில் நிறுத்திவிட்டு மிச்சத்தை உயிருக்குப் போடுங்கள். செலவே இல்லாதவனுக்குப் பெரிய குளம் எதற்கு?

"மந்திரம் கையிலை இருக்கு, போகுதே இல்லை"

அழுத்தினால் ஒரு மந்தச் சத்தம், கோடு மினுங்கும், ஒன்றும் நடக்காது. மந்திரத்தின் செலவு உங்கள் மொத்தக் கொள்ளளவை விடப் பெரிது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை. விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரிப் பாலத்தில் பலர் இப்படி மாட்டியிருக்கிறார்கள். வாசலில் நிற்கிற ஃபரால்டா உங்களைச் சோதிக்க ஒரு மந்திரம் கேட்பாள். ஃப்ளேம் அட்ரோனாக் என்கிற நெருப்பு உருவத்தைக் கூப்பிடச் சொன்னால், அதன் அடிப்படைச் செலவு 150. கொன்ஜுரேஷன் 25 என்றாலும் 125 வேண்டும். 100 வைத்திருக்கிறவனால் முடியாது. கொன்ஜுரேஷனில் அப்ரண்டிஸ் பேர்க் எடுத்தால் 63க்குக் கிட்ட இறங்கும், அப்போது முடியும். பேர்க் எடுக்க விருப்பமில்லை என்றால் மாஜிக்காவைக் கூட்டுகிற மருந்தையோ மோதிரத்தையோ பயன்படுத்துங்கள், அல்லது பேச்சால் அவளை இணங்க வையுங்கள். நீங்கள் டிராகன்போர்ன் (டிராகனின் ஆன்மாவோடு பிறந்தவர்) என்று தெரிந்த பிறகு போனால், ஷவுட் என்கிற டிராகன் மொழி முழக்கத்தைப் போட்டுக் காட்டியும் உள்ளே போகலாம். ஷவுட்டுக்கு மாஜிக்கா தேவையில்லை. ஸ்க்ரோல் என்கிற மந்திரச் சுருளுக்கும் மந்திரக் கோலுக்கும் கூடத் தேவையில்லை. கோடு காலியான நேரத்துக்கென்று ஒரு கோல் முதுகில் இருக்கட்டும்.

"கூப்பிட்டால் ஆள் வருதில்லை"

ஒலி கேட்கும், கையில் ஊதா ஒளி வரும், மாஜிக்காவும் போகும், அட்ரோனாக் வராது. இரண்டு தடவைக்கு ஒரு தடவை இப்படி நடந்தால் உங்கள் கல் அட்ரோனாக் ஸ்டோன்தான். எதிரியின் மந்திரத்தை உறிஞ்சுகிற அந்த வரம், திருத்தம் போடாத ஆட்டத்தில், நீங்கள் ஆட்களை வரவழைக்கிற மந்திரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பிரெட்டன் இனத்தின் டிராகன்ஸ்கின் சக்தி ஓடுகிற 60 நொடியிலும் இப்படி நடக்கலாம். இது ஆட்டத்தின் பிழை, உங்கள் பிழை இல்லை. ரசிகர்கள் தொகுத்த திருத்தப் பொதியைப் போட்டால் சரியாகும். போட வசதியில்லாதவர்கள் கல்லை மாற்றுவதுதான் நல்லது. ஆட்களை வரவழைத்துப் பிழைக்கிறவனுக்கு அட்ரோனாக் ஸ்டோன் ஒத்துவராது.

"நான் ஒண்டும் செய்யேல்லை, தானாக் குறையுது"

எதிரியின் கையில் என்ன நிறம் என்று பாருங்கள். மின்னல் மந்திரம் உங்கள் உயிரில் எடுக்கிற சேதத்தின் பாதியை மாஜிக்காவிலும் எடுக்கும். மின்னல் எறிகிறவன் இருக்கிற கூட்டத்தில் முதலில் அவனை முடியுங்கள். ஷொக் தாங்கும் மருந்தோ மோதிரமோ இருந்தால் பாதுகாப்பு. நீங்களும் எதிரி மந்திரக்காரனுக்கு நெருப்பை விட்டுவிட்டு மின்னலை எறிந்து பாருங்கள், அவன் கை வெறுமையாகும்.

கல்லூரிக் கதையில் லாபிரிந்தியன் பாழிடத்துக்குப் போகும்போது இன்னொரு விதமாகக் குறையும். யாரும் இல்லாத மண்டபத்தில் ஒரு குரல் பேசும், அதோடு கோடு சரிந்துவிடும். உள்ளே படுத்திருக்கிற மொரோகெய் என்கிற டிராகன் பூசாரி உறிஞ்சுகிறான். தடுக்க வழியில்லை; ஒவ்வொரு குரலுக்குப் பிறகும் நின்று நிரப்பிக்கொண்டு அடுத்த கதவைத் திறவுங்கள். அவனை வென்றால் கிடைக்கிற முகமூடி, மாஜிக்கா ஊறுவதை இரண்டு மடங்காக்கும்.

"மொத்தமே 25 குறைஞ்சு போச்சு"

பிரெயின் ரொட். ஹாக்ரேவன் என்கிற இறகு முளைத்த சூனியக் கிழவிகளிடமிருந்து தொற்றுகிற நோய். பீடத்தைத் தொடுங்கள். 25 இல்லாமல் வேறு எண் குறைந்திருந்தால் மோதிரம், சங்கிலி, தலையணி ஏதோ கழன்றிருக்கும்.

"மேஜ் ஸ்டோன் தொட்டும் கூடேல்லை"

கூடாது. ரிவர்வுட்டுக்கு வருகிற வழியில் நிற்கிற அந்தக் கல், மந்திர ஸ்கில்களை 20 சதவீதம் வேகமாகப் பழக வைக்கும். அவ்வளவுதான். தொடக்கத்தில் அதுவே நல்ல கல்.

"ரெஸ்டோரேஷன் ஏறுதில்லை"

ரெஸ்டோரேஷன் 30இலும் 60இலும் ரிகவரி என்கிற பேர்க் இருக்கிறது. முதல் படி ஊறுவதை 25 சதவீதம் கூட்டும், இரண்டாவது படியோடு அது 50 ஆகும். அதற்காக நாள் முழுக்க ஹீலிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிர்க் கோடு நிறைந்திருக்கும்போது எவ்வளவு ஊற்றினாலும் ஸ்கில் ஏறாது. காயம் ஆறினால்தான் கணக்கில் சேரும். சண்டைக்குள் அடி வாங்கிய உடனே ஆற்றிப் பழகுங்கள். முடிந்த பிறகு காத்திருந்து நிரப்பினால் அந்தப் பயிற்சி வீண். காசு இருந்தால் கல்லூரியில் கொலெட் மரென்ஸ் 75 வரை பழக்குவாள், ஒரு லெவலுக்கு ஐந்து தடவை.

"மருந்து வாங்கிக் காசு முடியுது"

வாங்கவேண்டாம், காய்ச்சுங்கள். கிழக்கே ஈஸ்ட்மார்ச்சின் வெந்நீர் ஊற்றுப் பக்கம் நிலத்தோடு படர்ந்து கிடக்கிற கிரீப் கிளஸ்டரையும், ரெட் மவுண்டன் ஃபிளவர் என்கிற சிவப்புப் பூவையும் சேர்த்தால் மாஜிக்காவை நிரப்புகிற மருந்து. அதே பூவோடு பிரையர் ஹார்ட் சேர்த்தால் நிரப்புவதோடு கொள்ளளவையும் கொஞ்ச நேரத்துக்குக் கூட்டும். கடையில் வாங்குகிற சின்னப் போத்தல் 25தான் தரும். அப்ரண்டிஸ் பேர்க் உள்ளவனுக்கு ஒரு ஃபயர்போல்ட். பையைத் திறந்திருக்கும்போது ஆட்டம் நின்றிருக்கும் என்பதை மறக்காதீர்கள். எதிரியின் வாள் தலைக்கு மேலே இருக்கும்போது கூட நிதானமாகத் திறந்து மூன்று போத்தல் குடிக்கலாம்.

"ஒண்டுமே மிச்சமில்லை, இப்ப என்ன செய்ய?"

லாபிரிந்தியனுக்குள் ஈக்விலிப்ரியம் என்கிற மந்திரப் புத்தகம் கிடைக்கும். உங்கள் உயிரில் நொடிக்கு 25 எடுத்து 25 மாஜிக்காவாகத் தரும். உயிர் முடியும் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். விரலை எடுக்க மறந்தால் ஆள் செத்துவிடுவான். ஆகவே தனிப் பெயரில் ஒரு சேவ் போட்டுவிட்டு, எதிரி இல்லாத அறையில் இப்படிப் பழகுங்கள்: இடக்கையில் ஈக்விலிப்ரியம், வலக்கையில் ஹீலிங். இடது விசையை இரண்டு நொடி பிடித்து விடுங்கள், உயிர்க் கோடு பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பிறகு வலது விசையால் ஆற்றுங்கள். காயத்தோடு ஆற்றுவதால் ரெஸ்டோரேஷனும் இதிலேயே ஏறும். தம்பி அந்த அறையில் ஒரு பின்னேரம் முழுக்க நின்று 41இலிருந்து 60க்குக் கொண்டுபோய் ரிகவரியின் இரண்டாவது படியை எடுத்தான். மூன்று தடவை செத்தான், மூன்று தடவையும் சேவிலிருந்து எழும்பினான்.